ரசிகரும் அபிமானியும்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை, ஜோலார்ப்பேட்டையை விட்டு மேட்டு நிலத்தில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் குப்பம் என்னும் ஊர் வரும். தமிழ்நாட்டைக் கடந்து ஆந்திரத்துக்குள் வந்துவிட்டோம் என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் வண்டி கன்னட நாட்டு எல்லையைத் தொட்டுவிடும். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இவ்வூர், மும்மொழியும் கூடுமிடம். தாய்மொழி எதுவாயினும், மற்ற இரண்டிலும் நாலு வார்த்தை பேசத் தெரியாதவர் இவ்வூர்ச் சந்தையில் காய்கறி விற்பது கடினம். 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்துக்கு இடம் தேடியபோது குப்பத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

இத்தகைய ஊரில் பாடகர் ஒருவரின் மறைவுச் செய்தி வந்தால், அத்துக்கம் எந்த மொழிக்காரருக்குச் சேரும்? 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் பிற்பகலில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார் என்ற செய்தி பரவியபோது, எல்லையோரத்து ஊர்களில் இக்கேள்விக்கே இடமில்லாமற்போயிற்று. ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டு. அடுத்த வீட்டில் தெலுங்குப் பாட்டு. எதிர்வீட்டில் கன்னடப் பாட்டு. மூன்றிலும் குரல் ஒன்றே. இறந்தவர் தம்மவர் என்று ஒவ்வொரு வீட்டாரும் நினைத்தனர். ஒருவரும் தவறாக நினைக்கவில்லை.

நாம் நேரில் கண்டிராத ஒருவர், நம் பெயரைக்கூட அறியாத ஒருவர், இறந்துவிட்டார் என்று கேட்டுக் கண் கலங்குகிறோமே, இது என்ன? உற்றார் இறந்தால் அழுவதற்கு உறவு காரணம். இங்கே என்ன உறவு? அறிவுடையோர் சிலர் இதனைப் பேதைமை என்பர். வேறு சிலர் திரைப்பட வியாபாரம் செய்த மயக்கம் என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இத்துயருக்கு ஒரு வரலாறும் உண்டு. அதைப் பாராமல் தீர்ப்புக் கூறுவது நியாயமன்று.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் நாம் 'ரசிகர்' என்கிறோம். சுவையறிந்தவர் என்பது இதன் பொருள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து, ராகத்தின் நெளிவு சுளிவுகளைக் கண்டு தலையசைக்கும் பெரியவரையே இச்சொல் குறித்தது. பின்னர்தான் கொட்டகையில் தரை டிக்கெட்டு வாங்கிய இளைஞனையும் அது குறிக்கத் தலைப்பட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே மனிதரை 'அபிமானி' என்று வழங்குவர். அபிமானம் என்பது பிறர்மீது வைத்த அன்பு. அதுவே தன்மானத்தையும் குறிக்கும். குப்பத்துக் கடைத்தெருவில் நிற்கும் ஒரே மனிதர், தமிழில் பேசும்போது ரசிகர். தெலுங்கில் பேசும்போது அபிமானி. கலைஞரை நாம் நேசிப்பதில் சுவை எவ்வளவு, நம்மைப்பற்றிய நமது பெருமிதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. இரு சொற்களும் சேர்ந்தே அம்மனிதரைக் காட்டுகின்றன.

பழந்தமிழர் இத்தகைய துயரைக் 'கையறுநிலை' என்று ஒரு துறையாகவே வகுத்தனர். பாரி மறைந்தபோது கபிலர் புலம்பினார். அதியமான் மறைந்தபோது ஔவையார் புலம்பினார். அங்கே இறந்தவர் புரவலர்; அழுதவர் புலவர். வீரன் வீழ்ந்த இடத்தில் நடுகல் நாட்டினர். சித்தூர், கோலார், தருமபுரி வட்டாரங்களில் அத்தகைய கற்கள் இன்றும் வயல்வெளிகளில் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் இம்முறை தலைகீழாயிற்று. பாடுபவருக்குச் சோறிட்ட அரசரும் ஜமீன்தாரும் போயினர். அவர்கள் இடத்தில் நாலணா கொடுத்துச் சீட்டு வாங்கிய பல்லாயிரம் பேர் வந்தனர். புரவலர் இப்போது மக்களே. ஆகவே பாணர் இறந்தால் புரவலர் அழுகிறார்.

இதன் தொடக்கத்தை எங்கே வைப்பது? செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவில் வைக்கலாம் என்பது என் கருத்து. 1906-இல் பிறந்த அவர் 1933 டிசம்பர் 2-ஆம் நாள் இறந்தபோது வயது 27. நாடக மேடையில் அவர் குரல் எட்டிய உச்சத்தைக் கேட்டவர்கள் பின்னாளில் அதைப்பற்றிப் பேசாத நாளில்லை. அவருக்கு முன்னும் பெரும் பாடகர்கள் இறந்ததுண்டு. ஆனால் அவர்களில் பலரோடு அவர்கள் குரலும் போயிற்று. கிட்டப்பா போன பிறகும் அவர் குரல் இசைத்தட்டில் இருந்தது. துக்க வீட்டில் இறந்தவரே பாடிக்கொண்டிருக்கும் விசித்திர நிலை தமிழருக்கு அப்போதுதான் பழக்கமாயிற்று.

அவர் துணைவி கே. பி. சுந்தராம்பாள் அன்று மேற்கொண்ட கோலத்தைத் தம் இறுதிநாள் வரை மாற்றவில்லை. வெள்ளுடையே உடுத்தினார். 1935-இல் வந்த நந்தனார் படத்தில் அவர் ஆண் வேடமே பூண்டார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்; அக்காலத்தில் அது கேட்டறியாத தொகை. அவர் மேடையேறிய போதெல்லாம், அவருடைய தனித்துயரைச் சபையோரும் பகிர்ந்துகொண்டனர். தனிப்பட்ட துக்கம் பொதுத் துக்கமானதற்குத் தமிழ்நாட்டில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் இதுவே நிகழ்ந்தது. 1926 ஆகஸ்டில் ருடால்ப் வாலன்டினோ என்னும் மௌனப்பட நடிகர் நியூயார்க்கில் இறந்தபோது, அவர் உடலைக் காணத் திரண்ட கூட்டத்தின் நெருக்கடியில் சவச்சாலையின் கண்ணாடிகள் நொறுங்கின. திரையில் இவர் குரலை எவரும் கேட்டதில்லை. முகத்தை மட்டுமே கண்டவர்கள் அழுதனர். நாம் செய்வது தமிழனுக்கு மட்டுமே உரிய பைத்தியம் என்று பிற மாநில நண்பர்கள் கேலி செய்யும்போது, இச்செய்தி கைகொடுக்கும்.

இனி, குப்பத்துக்கே உரிய ஒரு கதைக்கு வருகிறேன்.

சித்தூர் வி. நாகையா என்ற பெயரை இக்கால இளைஞர் பலர் அறியார். முதியோர், பழைய தமிழ்ப் படங்களில் நரைத்த தாடியோடு, கனிந்த முகத்தோடு வரும் தந்தையாக, துறவியாக அவரை நினைவுகூர்வர். குண்டூர் மாவட்டத்து ரேபள்ளையில் 1904 மார்ச் 28-ஆம் நாள் பிறந்த நாகையா, இளமைப் பருவத்தைக் கழித்தது குப்பத்தில். பின்னர் தேவஸ்தானத்தின் உதவித்தொகையுடன் திருப்பதியில் கல்வி. சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அதன் பிறகு பத்திரிகைப் பணி. சித்தூரில் நாடகங்களில் பாடி நடித்துப் பெயர்பெற்றதால் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, தமிழும் கன்னடமும் காதில் விழும் எல்லையூரில் வளர்ந்தவர் என்பதைக் கருதினால், அவர் பின்னாளில் தமிழ்ப் படங்களில் அந்நியராகத் தோன்றாமைக்குக் காரணம் விளங்கும்.

1938-இல் கிருகலட்சுமி என்னும் தெலுங்குப் படத்தில் தொடங்கியது அவர் திரை வாழ்வு. வாகினி நிறுவனத்தாரின் வந்தேமாதரம், சுமங்கலி, பக்த போதனா ஆகியவை தொடர்ந்தன. 1946-இல் தியாகையா, அதில் தியாகராஜ சுவாமிகளாக நடித்தவர் அவரே, படத்தை இயக்கியவரும் இசையமைத்தவரும் அவரே. இதற்கிடையில் தமிழில் 1941-இல் அசோக்குமார், 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த மீராவில் ராணா வேடம். பம்பாயிலிருந்து வந்த பிலிம் இந்தியா பத்திரிகையின் ஆசிரியர் பாபுராவ் படேல், ஹாலிவுட் நடிகர் பால் முனிக்கு அவரை ஒப்பிட்டார். 1965-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அசோக்குமார் படத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் அசோகச் சக்கரவர்த்தியாக நாகையா. மகன் குணாளனாக எம். கே. தியாகராஜ பாகவதர், தளபதியாகச் சிறு வேடத்தில் எம். ஜி. ராமச்சந்திரன். அந்தப் படச்சுருளில் ஒன்றாக நின்ற இம்மூவரையும் அடுத்த அரை நூற்றாண்டுக்குள் மக்கள் மூன்று விதமாக வழியனுப்பினர். மூன்றும் ஒன்றுபோல் இல்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

பாகவதரின் கதை யாவரும் அறிந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947 ஏப்ரலில் விடுதலையானார். சிறையிலிருந்து வந்தவருக்குப் பழைய சிம்மாசனம் கிடைக்கவில்லை. அவரைப்போல் கிராப்பு வைத்துக்கொண்ட இளைஞர்கள் இப்போது குடும்பஸ்தர்களாகிவிட்டனர். அவர்களுடைய தம்பிமாருக்கு வேறு நாயகர்கள் கிடைத்துவிட்டனர். 1959 நவம்பர் 1-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் இறந்தபோது வயது 49. உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அன்று அழுதவர்கள் அவருக்காக அழுதார்களா, அல்லது 1944-இல் கொட்டகையில் அமர்ந்திருந்த தங்களுக்காகவே அழுதார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பாதிக்குப் பாதி என்று சொல்லலாம். நமது இளமையை ஒருவர் குரலிலே வைத்து மூடியிருக்கிறோம். அவர் போகும்போது பெட்டி திறந்துகொள்கிறது.

நாகையா 1973 டிசம்பர் 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். ஒரு காலத்தில் தென்னாட்டின் உயர்ந்த ஊதியம் பெற்றவர்களுள் ஒருவராக இருந்தவர், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தும், சொந்தப் படங்களில் இழந்தும், இறுதிக் காலத்தில் சிறு வேடங்களுக்குச் சிறு தொகை பெற்று வாழ்ந்தார். ஏறத்தாழ ஆறு வாரத்தில், 1974 பிப்ரவரி 11-ஆம் நாள், கண்டசாலாவும் மறைந்தார். தெலுங்கு மக்களுக்கு அது பெருந்துயர்க் காலம். நாகையாவுக்குச் சென்னைப் பனகல் பூங்காவில் சிலை வைத்தனர். அதைக் கடந்து துணிக்கடைகளுக்குச் செல்வோர் பலர் அது யாருடையது என்று கேட்பதில்லை. குப்பத்தில் வளர்ந்த சிறுவன் பிற மாநிலத் தலைநகரின் நடுவே கல்லாய் நிற்பது, நீங்களும் நானும் அறிந்த ஒரு நிலைதான்: வாழ வந்த ஊர் இடம் தரும்; முகவரி கேட்டால் சற்று யோசிக்கும்.

எம்.ஜி.ஆரின் மறைவைப்பற்றி நான் நெடுநேரம் பேசப்போவதில்லை. அது நடிகரின் மறைவு மட்டுமன்று, முதலமைச்சரின் மறைவு. 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் கடற்கரையில் அடக்கம். தீக்குளித்தோரும் இருந்தனர், கடைகளைச் சூறையாடியோரும் இருந்தனர். இரண்டையும் ஒரே துக்கக் கணக்கில் எழுதுவது சரியன்று. அன்று தங்கவயலில், தாராவியில், குப்பத்தில் வீட்டு முற்றங்களில் அவர் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றியவர்கள் எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் அவருக்கு வாக்களிக்க இயலாதவர்கள். வேறு மாநிலத்துக் குடிமக்கள். அரசியலைக் கழித்துவிட்டு எஞ்சும் அன்பு எவ்வளவு என்று அறிய விரும்புவோர் அந்த முற்றங்களைத்தான் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் நமது வானொலியைப்பற்றியும் உண்மை பேசவேண்டும். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் மக்கள் ரசனையைக் கெடுக்கும் என்று கருதி அவற்றை நமது நிலையங்களில் பெரிதும் குறைத்தார். நோக்கம் உயர்ந்ததாக இருக்கலாம். விளைவு, நேயர்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்புத் தென்னாடெங்கும் தெளிவாகக் கேட்டது. பாட்டுக்கு முன்னால், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் படிப்பார். தபால் அட்டையில் எழுதிப்போட்ட சிறுவனின் பெயரும், அவன் நேசித்த பாடகரின் குரலும் ஒரே அலையில், அடுத்தடுத்து, கடல் தாண்டி வந்தன. அப்பெயர்கள் ஒலித்த நிமிஷத்தில் அந்தப் பாடகர் அன்னியரல்லர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கிய பிறகே நாம் அந்த நேயர்களில் சிலரையேனும் திரும்பப் பெற்றோம்.

எகிப்து நாட்டு உம் குல்தும் அம்மையாரின் கதையும் இவ்வகைதான். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் கெய்ரோ வானொலி அவர் கச்சேரியை ஒலிபரப்பும். மொராக்கோவிலிருந்து ஈராக் வரை தெருக்கள் வெறிச்சோடும். 1975 பிப்ரவரியில் அவர் இறந்தபோது, சவப்பெட்டியைச் சுமந்தவர்களிடமிருந்து மக்களே அதைத் தம் தோளுக்கு வாங்கிக்கொண்டு, நகரெங்கும் கைமாற்றிச் சென்றனர். வானொலி கொடுத்த உறவை அவர்கள் தோள்மீது ஏற்றிக்கொண்டனர் எனலாம்.

பாலசுப்பிரமணியம் இந்த வானொலித் தலைமுறைக்கு அடுத்து வந்தவர். அதன் பயனை முழுதும் பெற்றவர். நெல்லூர்க் குடும்பம். தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதை சொல்பவர். சிறுவன் பாலு தொடக்கக் கல்வி கற்றது மாமன் வீட்டில் தங்கி நகரியில். பள்ளியிறுதி வகுப்பு காளஹஸ்தியில். புகுமுக வகுப்பு திருப்பதியில். இவை மூன்றும் அன்றைய சித்தூர் மாவட்டம். 2022-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது நகரி சித்தூரிலும், மற்ற இரண்டும் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்தன. அனந்தபூரில் பொறியியல் படிக்கச் சென்று, உடல்நலக் குறைவால் விட்டுவிட்டு, சென்னையில் படிப்பைத் தொடர வந்தவர் பாட்டுப் போட்டிகளில் பாடினார். இசையமைப்பாளர் எஸ். பி. கோதண்டபாணி அவரைக் கண்டெடுத்தார். 1966 டிசம்பர் 15-ஆம் நாள் முதல் தெலுங்குப் பாட்டு பதிவாயிற்று. சில நாட்களுக்குள் கன்னடப் பாட்டும். பிற்காலத்தில் தாம் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கோதண்டபாணியின் பெயரையே வைத்தார்.

தமிழுக்கு அவர் வந்த வரலாற்றில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1969-இல் வந்த அடிமைப்பெண் படத்துக்குப் பாட அழைத்திருந்த சமயத்தில் அவருக்கு டைபாய்டு காய்ச்சல். புதியவரான தமக்குப் பதில் வேறொருவரைப் பாடவைத்திருப்பார்கள் என்றே அவர் எண்ணினார். எம்.ஜி.ஆர். காத்திருந்தார், உடல் தேறி வந்தபின்பே அப்பாட்டு பதிவாயிற்று. எம்.ஜி.ஆர். படத்தில் பாடப்போவதாக நண்பர்களிடம் சொல்லியிருப்பாயே, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பொருள்பட எம்.ஜி.ஆர். கூறினார் என்று பாலசுப்பிரமணியமே பலமுறை நினைவுகூர்ந்தார். ரசிகர்களின் மனத்தை அறிந்த ஒருவர், நாளை ரசிகர்களைப் பெறப்போகும் ஒருவருக்குக் கற்பித்த முதற்பாடமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

அவர் பெற்ற தேசிய விருதுகள் ஆறு. சங்கராபரணம், சாகர சங்கமம், ருத்ரவீணை ஆகிய தெலுங்குப் படங்களுக்கு மூன்று. இந்தி ஏக் தூஜே கே லியேவுக்கு ஒன்று. பஞ்சாட்சர கவாயி என்னும் கன்னட இசைப் பெரியாரின் வாழ்க்கைப் படத்துக்கு ஒன்று. தமிழில் மின்சார கனவுக்கு ஒன்று. மறுபிறவி உண்டாயின் கன்னட மண்ணில் பிறக்க விரும்புவதாகவும் அவர் கூறியதுண்டு. தமிழர் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. தெலுங்கில் பிறந்துவிட்டார், தமிழில் வாழ்ந்துவிட்டார், கன்னடத்துக்கும் ஒரு பிறவி கொடுக்கட்டுமே என்று விட்டுவிட்டனர் போலும்.

ஆனால் மொழி எல்லையில் துக்கம் எப்போதும் இவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. இதை உங்களிடம் மறைத்துப் பேசினால் இப்பேச்சு பொய்யாகும். பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நேயர்கள் 2000-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 30-ஆம் நாள் இரவு, தமிழ்நாட்டு எல்லைக்குள் தொட்டகாஜனூரிலிருந்த பண்ணைவீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். 108 நாட்கள் கழித்து நவம்பர் 15-ஆம் நாள் அவர் விடுதலையானார். அந்த 108 நாட்களும் பெங்களூர்த் தமிழர் பலர் தெருவில் தாய்மொழி பேசத் தயங்கினர். அவரை நேசித்த தமிழரும் அவர்களுள் இருந்தனர் என்பதே கொடுமை. காட்டிலிருந்த ஒருவன் செய்த குற்றம், ஆயிரக்கணக்கான வீடுகளில் பேச்சைத் தணித்தது.

2006 ஏப்ரல் 12-ஆம் நாள் ராஜ்குமார் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். தம் ரசிகர்களைத் தேவர்கள் என்றே அழைத்துவந்தவர் அவர். அத்தேவர்களில் சிலர் மறுநாள் பேருந்துகளைக் கொளுத்தினர், கல்லெறிந்தனர், துப்பாக்கிச் சூடும் நடந்தது, காவலர் ஒருவர் உட்படச் சிலர் உயிரிழந்தனர். இறந்தவரைக் கண்ணாரக் காண வழியின்றிப் போனதும், ஊர்வல ஏற்பாடுகளின் குழப்பமும் காரணம் என்றனர். அபிமானத்தில் அன்பும் தன்மானமும் ஒன்றாக இருப்பதாக முன்னர்ச் சொன்னேன். அன்பு அடங்கி, தன்மானம் மட்டும் எழுந்து நின்றால் என்னாகும் என்பதை அந்நாள் காட்டிற்று. அதே மரணத்தின் மறுபக்கமும் உண்டு: ராஜ்குமாரின் கண்கள் அவர் விருப்பப்படி தானமாக அளிக்கப்பட்டன.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 29-ஆம் நாள், அவர் இளைய மகன் புனித் ராஜ்குமார் 46 வயதில் திடீரென மாண்டார். 2006-ஐ நினைத்து நகரமே அஞ்சியது. அரசினர் மதுக்கடைகளை மூடினர். கண்டீரவ விளையாட்டரங்கில் உடலை வைத்து, வந்தவர் அனைவரும் வரிசையில் நின்று காணும்படி செய்தனர். இரவு பகலாக மக்கள் வந்தனர்; நகரம் பெரிதும் அமைதியாகவே இருந்தது. அவர் கண்களைக்கொண்டு நால்வருக்குப் பார்வை கிடைத்தது. அதைக் கேட்டுத் தம் கண்களையும் எழுதிவைக்க வந்தவர்கள் பலர். தந்தையின் மறைவுக்கும் மகனின் மறைவுக்கும் இடையே கூட்டம் மாறிவிடவில்லை. இறுதியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்ற எளிய வேண்டுகோளை முதல் முறை மறுத்தனர். இரண்டாம் முறை மறுக்கவில்லை. அதிகாரிகள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நலம்.

பாலசுப்பிரமணியத்தின் மறைவில் அந்த வேண்டுகோளையே முழுதும் நிறைவேற்ற இயலாத காலம் வாய்த்தது. 2020 ஆகஸ்டு 5-ஆம் நாள் கொரோனா நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார். சிறு தொல்லையே, யாரும் அழைத்து விசாரிக்க வேண்டாம் என்று அவரே காணொளியில் பேசினார். பின்னர் நிலை மோசமாயிற்று. மகன் சரண் அவ்வப்போது காணொளியில் தோன்றித் தந்தையின் நிலையைத் தெரிவித்தார். முன்பின் அறியாத குடும்பங்கள் தம் வீட்டு நோயாளியைப்பற்றிக் கேட்பதுபோல் அதைக் கேட்டன. ஆகஸ்டு 20-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு, திரையுலகத்தார் விடுத்த வேண்டுகோளை ஏற்று, அவரவர் இருந்த இடத்திலேயே அவர் பாடல்களை ஒலிக்கச்செய்து பிரார்த்தித்தனர். ஊரடங்கால் கோயிலுக்கும் போக முடியாத, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாத நாட்கள் அவை. பிற மாநிலங்களில் அகப்பட்டுக்கொண்டு, ஊரில் இறந்த பெற்றோரின் முகத்தைக்கூடக் காண முடியாமற்போன தமிழர் எத்தனை பேர் என்பதை இதைப் படிக்கும் உங்களில் சிலர் அறிவீர்கள்.

அதனால்தான் செப்டம்பர் 25-ஆம் நாள் வந்த அழுகை அவ்வளவு பெரிதாக இருந்தது என்று நான் கருதுகிறேன். அவ்வாண்டில் அழாமல் விடப்பட்ட சாவுகள் பல. எரியூட்டும் இடத்துக்குச் சிலரே போகலாம் என்ற விதியால் மனத்துக்குள்ளேயே தங்கிவிட்ட துக்கங்கள் பல. தந்தையை இழந்தவருக்கு, தந்தையோடு சேர்ந்து கேட்ட பாட்டின் குரலும் போயிற்று என்ற செய்தி, அழுவதற்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. யாருக்காக அழுகிறோம் என்று அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

மறுநாள், திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் அவர் பண்ணைநிலத்தில், தமிழ்நாட்டுக் காவல்துறையினரின் துப்பாக்கி வணக்கத்தோடு அடக்கம் நடந்தது. கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, முகத்தை மறைத்த துணியோடு ரசிகர்கள் வரிசையாக வந்து கண்டு சென்றனர். அவ்வாண்டிலேயே நெல்லூர் அரசு இசை நடனப் பள்ளிக்கு ஆந்திர அரசு அவர் பெயரைச் சூட்டியது. 2021-இல் பத்மவிபூஷண் விருதை, அவர் மறைவுக்குப் பின், நடுவண் அரசு வழங்கிற்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த காம்தார் நகர்ச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்படும் என்று 2024 செப்டம்பர் 25-ஆம் நாள், அவருடைய நான்காம் நினைவுநாளில், தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நெல்லூரில் ஒரு பள்ளி, சென்னையில் ஒரு தெரு. குப்பத்தில் அவருக்கென்று எதுவும் இருப்பதாக நான் அறியேன். அங்கே வளர்ந்த நாகையாவுக்கும் சிலை இருப்பது சென்னையில்தான். மாலையில் பெங்களூர் வண்டி நிற்கும் வேளையில், நடைமேடையில் காத்திருக்கும் ஒருவர் கைப்பேசியில் ஒரு பழைய பாட்டு ஒலிக்கும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அதே மெட்டை வேறு மொழிச் சொற்களில் முணுமுணுப்பார். அப்பாட்டு அவர் மொழியிலும் வந்ததுண்டு. வண்டி வந்ததும் ஒருவர் பங்காருப்பேட்டைப் பக்கம் ஏறுவார். மற்றவர் எதிர்த்திசை வண்டிக்காக இன்னும் சற்று நேரம் அமர்ந்திருப்பார்.